வாழைக்கன்று கட்டிய லோடர்

தொண்டூர்
8.6.2025

மாப்பிள்ளை தேவேந்திரனுக்கு வீராசாமி எழுதுவது.

இதை என் கையால் நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நீ நம்ப மாட்டாய். உன் அத்தை மீனம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். "காலைலேர்ந்து ஒரே பேப்பர வெச்சிக்னு இன்னாத்த பண்றியோ" என்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும். இந்த வரியை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டிலேயே கிடந்தேன் இல்லையா, அப்போது ஸ்கூலில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு என்று அமலா வந்து கூப்பிட்டது. அந்தப் பெண்தான் எங்களுக்கு டீச்சர். முதலில் காலைக் காட்டி, வர முடியாது என்றேன். "தாத்தா, எழுதறது கையாலதான்" என்றது. போனேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் வந்தது. முகப்பில் 'செஞ்சி' என்று இருந்தது. அறுபத்தெட்டு வயது வரைக்கும் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. வேலை ஒன்றும் இல்லாமலே ஏறிச் செஞ்சிக்குப் போய்விட்டு வந்தேன்.

உன் பழைய நம்பருக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அவலூர்பேட்டைக்குப் போய் உன் வீட்டுக்காரி கலைச்செல்வியைக் கேட்டேன். புது நம்பரை யாருக்கும் தரக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். நம்பரைத் தரவில்லை. அட்ரசுக்குச் சத்தியம் வாங்கவில்லை என்று அதைக் கொடுத்துவிட்டது. நல்ல பெண். உன் மகள் அனு உயரமாகிவிட்டது. என் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

கால் பரவாயில்லை. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டிருக்கிறார்கள். கம்பு ஊன்றி நடக்கிறேன். கல் உடைக்கும் கிரஷர் கேட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். லாரி வந்தால் கயிற்றை இறக்க வேண்டும். போனால் ஏற்ற வேண்டும்.

நீ குடித்துவிட்டுக் கல் அள்ளும் லோடரை ஓட்டியதால்தான் அது கவிழ்ந்தது என்று சூப்பர்வைசர் முருகையன் போலீசில் சொல்லி, அதையே கேஸாகப் போட்டிருக்கிறார்கள். உனக்கு வாய்தா வந்து நீ போகவில்லையாம். அடுத்தமுறையும் போகாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்களாம். நீ அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. எனக்குத் தெரியும். வந்து அதைச் சொல். இதுதான் நான் எழுத வந்தது. மற்றதெல்லாம் எழுதும் ஆசையில் எழுதியது.

வீராசாமி

*

நாமக்கல்
21.6.2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து நன்றாக இருக்கிறது.

இங்கே கோழிப்பண்ணையில் இருக்கிறேன். கலைச்செல்வியின் அக்கா வீட்டுக்காரர் சேர்த்துவிட்டார். முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலை. வண்டியிலிருந்து குதித்தபோது தோள்பட்டை உடைந்தது இல்லையா, எலும்பு சேர்ந்துவிட்டது. வலது கையில் விரல்கள் மரத்தே இருக்கின்றன. முட்டை உடைந்த பிறகுதான் அழுத்திப் பிடித்திருக்கிறேன் என்று தெரிகிறது. இப்போது இடது கையால் எடுக்கிறேன். இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். உங்கள் எழுத்து என்னுடையதைவிட நேராக இருக்கிறது.

கேஸ் விஷயம் கலைச்செல்வி சொன்னது. அன்றைக்கு நடந்ததில் பாதி எனக்கு நினைவில் இல்லை. நினைத்துப் பார்க்கவும் தோன்றவில்லை. காலையில் எழுகிறேன். முட்டை எடுக்கிறேன். சாப்பிடுகிறேன். துக்கமா என்று கேட்டால் அதுவும் இல்லை.

அவர்கள் எழுதியது அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அனு உயரமாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு தடவை படித்தேன்.

தேவேந்திரன்

*

தொண்டூர்
13.7.2025

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு இடத்தில் மட்டும் அமலாவைக் கேட்க வேண்டியிருந்தது. அது உன் கையெழுத்தின் குற்றம், என் படிப்பின் குற்றம் இல்லை என்று அமலாவே சொல்லிவிட்டது. பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் எழுத வருகிறது. பிறகு விரல் வலிக்கிறது. வலித்தால் சந்தோஷமாக இருக்கிறது.

செஞ்சியில் இரண்டு நாளாகப் பெரிய கொண்டாட்டம். கோட்டையை உலகத்துப் பெரிய இடங்களோடு சேர்த்துவிட்டார்களாம். பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பேனர். நான் நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். அத்தை திட்டினாள்.

பாதி நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முழுவதும் நினைவிருக்கிறது. எழுதுகிறேன், படித்துக்கொள்.

போன வருஷம் ஆயுத பூசை. காலையில் வண்டிகளையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, லோடருக்கு முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியது நான். வருஷா வருஷம் நான்தான் கட்டுவேன். கண்ணாடிக்குக் குறுக்கே சாமந்தி மாலையும் போட்டேன். நீ காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பூசை முடிந்துதான் சாப்பிடுவேன் என்றாய். முடிந்ததும் பொரியும் சுண்டலும் தின்றாய். பூசை வைத்த வண்டியை மறுநாள் மறுபூசை முடிந்துதானே எடுப்போம், நீ வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

பொழுது சாயும்போது முருகையன் வந்து, ரோடு வேலைக்கு ஜல்லி அவசரம், கொஞ்சம் கல் ஏற்றிக் கொட்டிவிட்டுப் போ என்றான். "பூசை போட்ட வண்டி சார்" என்றாய். "சாமி ஒண்ணும் சொல்லாது, ஓனர்தான் சொல்லுவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நீ ஏறி உட்கார்ந்து பார்த்தாய். "மாமா, இந்தக் கன்னு மறைக்குது. அவுத்துடட்டா?" என்றாய். நான், "மறுபூசை ஆகாம அவுக்கக் கூடாது மாப்ள. வண்டிக்கு ஆவாது. நான் கீழ நின்னு கை காட்றேன், நீ ஏறு" என்றேன். முருகையனும் பக்கத்தில்தான் நின்றான். சரி என்றான்.

கல்லைக் கொட்டும் மேடைக்கு ஏறும் மண் சரிவில் ஓரத்துக்கு மண்ணணை கிடையாது. மழையில் கரைந்ததைத் திரும்பப் போடவே இல்லை. நான் இடது ஓரத்தில் நின்று கை காட்டினேன். இருட்டிக்கொண்டு வந்தது. கன்றின் இலை உன் கண்ணுக்கும் என் கைக்கும் நடுவில் ஆடியது. பக்கெட்டில் கல் நிறைய இருந்தது. இடது சக்கரத்துக்குக் கீழே மண் நழுவியது. வண்டி வேகமாகச் சாயவில்லை மாப்பிள்ளை. மாடு படுப்பதுபோல் சாய்ந்தது. நீ வலது பக்கம் குதித்தாய். நான் ஒதுங்கினேன், போதவில்லை.

வலிக்கவில்லை. சங்கிலி போட்டு இழுத்தார்கள். அதுவரைக்கும் வலிக்கவே இல்லை. என் முகத்துக்குப் பக்கத்தில் சாமந்திப் பூ கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வருவதற்குள் முருகையன் கன்றுகளை அரிவாளால் வெட்டிப் பள்ளத்தில் தள்ளினான். நம்ம கிரஷர் பையன் நவீன் பார்த்திருக்கிறான்.

இன்னொன்று. அந்த லோடரைச் சரிசெய்து கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது நவீன்தான் ஓட்டுகிறான். போன வாரம் கேட்டில் நின்றபோது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர். தமிழில் இருக்கிறது. 'வண்டி சாய்ந்தால் வெளியே குதிக்காதீர். பெல்ட் போட்டு இருக்கையிலேயே இருங்கள்.' நான் வருஷா வருஷம் விபூதிப் பட்டை போட்டது அதன் மேல்தான். வெள்ளையாக, வாகாக இருக்கிறதே என்று அங்கே போடுவேன். சத்தமாகப் படித்துக் காட்டினேன். "தாத்தா படிக்குதுடா" என்று நவீன் கை தட்டினான். பெல்ட் எங்கேடா என்று கேட்டேன். சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி கத்திக்கொண்டே இருக்கும் என்று, முன்பு நீ செய்து வைத்தது போலவே.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. படித்தேன் என்று சொல்லத்தான் எழுதினேன். வாய்தா செப்டம்பர் மாதம் என்று நவீன் சொல்கிறான். வந்து நடந்ததைச் சொல்.

வீராசாமி

*

நாமக்கல்
2.8.2025

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. படிக்கும்போது யாருக்கோ நடந்ததுபோல் இருந்தது.

ஒரு வக்கீலைக் கேட்டேன். வந்து குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாமாம். லைசென்ஸ் போகும். போகட்டும். எனக்கு அது வேண்டாம். வாய்தாவுக்கு வருகிறேன். ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கே திரும்பிவிடுகிறேன்.

குடிக்கவில்லை என்று சொன்னால், பின் வண்டி ஏன் கவிழ்ந்தது என்று கேட்பார்கள். வாழைக்கன்று மறைத்தது என்று சொல்ல வேண்டும். யார் கட்டியது என்று கேட்பார்கள். அவிழ்க்கக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்பார்கள். நான் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். உன் காலை நீயேதான் எடுத்துக்கொண்டாய் என்று உங்களை எழுதிவிடுவார்கள். நாற்காலியும் போகும்.

இது நான் ரொம்ப நாளாக யோசித்து வைத்தது. ஆஸ்பத்திரியில் உங்களை உள்ளே எடுத்துக்கொண்டு போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முருகையன் வந்து, "நீ குடிச்சிருந்தேன்னு எழுதிட்டா கேஸ் அதோட போயிடும், நீ ஒண்ணும் பேசாத. பெருசுக்கு நாங்க பாத்துக்கறோம்" என்றார். தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். பயந்து ஓடிவிட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள் என்று கலைச்செல்வி சொன்னது. பயமும் இருந்தது. அது மட்டும் இல்லை.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம். வேறு ஏதாவது எழுதுங்கள். பஸ் போர்டு படித்ததுபோல் ஏதாவது.

தேவேந்திரன்

*

தொண்டூர்
24.8.2025

தேவேந்திரா,

மாப்பிள்ளை என்று எழுதவில்லை. கோபமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தப் புள்ள உன் நாற்காலிக்காவ ஊர உட்டுப் போச்சா? எந்திரிச்சி வா அந்த நாற்காலிய உட்டு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை, நான் நாற்காலியிலேயே இல்லை, வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

எனக்காக ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். நான் கேட்டேனா? உனக்கு ஒன்று தெரியுமா, கேட்டில் கயிறு இழுக்கும்போது லாரிக்காரர்கள் எல்லாம், "இன்னா பெருசு, அந்தக் குடிகாரன் வந்தானா?" என்று கேட்கிறார்கள். முதலில் இல்லப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் ஆமாம் என்று ஆகிவிடுகிறது.

கன்று கட்டியது நான். அவிழ்க்காதே என்றது நான். அதை யார் கேட்டாலும் சொல்வேன். வண்டியை எடு என்று நான் சொல்லவில்லை. மண்ணணையை நான் விட்டுவிடவில்லை. கன்றை வெட்டிப் பள்ளத்தில் தள்ளியதும் நான் இல்லை. கட்டியவன் நான் என்று சொன்னால் மற்றதையும் சொல்லலாம். கட்டியவனையே மறைத்தால் எதையும் சொல்ல முடியாது. இது உனக்குப் புரியவில்லையா?

அனுவுக்கு ஸ்கூலில் என்ன சொல்கிறார்கள் என்று கலைச்செல்வியைக் கேள். நான் எழுத மாட்டேன்.

கோர்ட்டில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். நான் வருவேன். நீ ஆமாம் என்று சொன்னால் என் சாட்சியே தேவைப்படாதாம், அன்றைக்கே முடிந்துவிடுமாம். என்னைப் பேசவிடாமல் செய்யாதே.

பஸ் போர்டு ஒன்றும் படிக்கவில்லை. மனம் இல்லை.

வீராசாமி

*

நாமக்கல்
6.9.2025

மாமாவுக்கு,

நீங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கால் போன பிறகு உங்களை நான் பார்க்கவில்லை. எப்படி நடக்கிறீர்கள் என்று கலைச்செல்வி போனில் சொல்ல வந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். என் கண்ணில் நீங்கள் இன்னும் சரிவின் ஓரத்தில் கை காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அப்படியே இருந்தால் என்னால் வேலை செய்ய முடிகிறது.

அனு விஷயம் கேட்டேன்.

தேவேந்திரன்

*

தொண்டூர்
28.9.2025

மாப்பிள்ளைக்கு,

நீ வர வேண்டாம் என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன்.

செஞ்சி கோர்ட்டில் வெளித் தாழ்வாரத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு போனாய். இளைத்துவிட்டாய். வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டிருந்தாய். உள்ளே போகும்போது எடு என்று கோர்ட் ஆள் அதட்டினான்.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்தேன். என் கம்பும் காலும் அந்தத் தரையில் பெரிய சத்தம் போட்டன. கோர்ட் ஆள், "யோவ் பெருசு, அங்கியே நில்லுயா" என்றான். நின்றேன்.

ஜட்ஜ் அம்மா படித்தார்கள். குடிபோதையில், கவனக்குறைவாக என்றெல்லாம் வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். நீ பேசவில்லை. மறுபடி கேட்டார்கள். நீ பேசவில்லை. முருகையன் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான். "காது கேக்குதாப்பா?" என்று ஜட்ஜ் அம்மா கேட்டார்கள். அப்போது, "இல்லைங்கம்மா. குடிக்கலைங்க" என்றாய். உன் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவ்வளவுதான். சாட்சிக்கு வேறு தேதி கொடுத்தார்கள். நீ வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாகப் போய்விட்டாய். என்னால் அந்த வேகத்துக்கு வர முடியாது.

முருகையன் என்னிடம் வந்தான். "இன்னா பெருசு, உன் ஆளு ஒரு மாதிரியா பேசிட்டுப் போறான். நீ சரியாத்தான சொல்லுவ?" என்றான். "சரியாத்தான் சொல்லுவேன். கன்னு நான் கட்டனேன். வண்டிய நீ எடுக்கச் சொன்ன. கன்ன நீ வெட்டிப் போட்ட" என்றேன். வக்கீல்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் கேட்டுக்குப் போனேன். நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து நின்றான், பாவம். உட்காருப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சந்தோஷமா என்று அத்தை கேட்டாள். தெரியவில்லை என்றேன். கயிறு இழுக்காமல் கை சும்மா இருந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் நாமக்கல்லுக்கே போடுகிறேன்.

வீராசாமி

*

அவலூர்பேட்டை
9.10.2025

மாமாவுக்கு,

பண்ணைக்கு வந்த உங்கள் கடிதத்தை இங்கே அனுப்பியிருந்தார்கள். நான் கோர்ட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். நாமக்கல் பஸ்ஸில்தான் ஏறினேன். திருவண்ணாமலையில் இறங்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. வீட்டில் கலைச்செல்வி தட்டை எடுத்து வைத்தது. சோறு போட்டது. அனு எதிரில் உட்கார்ந்து நான் இடது கையால் சாப்பிடுவதையே பார்த்தது.

வழி முழுக்க ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டுதான் வந்தேன். ஜட்ஜ் அம்மா கேட்டபோது பின்னால் சத்தம் கேட்டது. கம்பு ஒன்று, அப்புறம் காலின் சத்தம் ஒன்று. அது நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. ஆமாம் என்பது வாயில் வரவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் விழுந்திருப்பேன்.

நாற்காலி போய்விட்டது. நான் எழுதியபடியே ஆகிவிட்டது.

இங்கே காய்கறி மண்டியில் கணக்குப்பிள்ளைக்குத் துணையாக உட்கார வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் வருவேனா என்று தெரியாது. தோன்றும்போது எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

தேவேந்திரன்

*

தொண்டூர்
19.10.2025

மாப்பிள்ளைக்கு,

போஸ்ட்மேன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். "இன்னா தாத்தா, அவலூர்பேட்டையிலேர்ந்து கடுதாசி வருது? டவுன் பஸ்ல ஏறனா வந்துட மாட்டாங்களா?" என்றான். எங்கள் வழக்கம் இப்படி என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

நீ வீட்டுக்கு வந்ததை உன் கடிதம் வருவதற்கு முன்பே அத்தை சந்தையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். நானாகக் கிளம்பி வரலாம் என்றுதான் பார்த்தேன். சட்டை கூடப் போட்டேன். "அந்தப் புள்ள வரும்போது வரட்டும். நீ போயி முன்னாடி நின்னா அது இன்னா பண்ணும்?" என்று அத்தை தடுத்துவிட்டாள். அவள் சொன்னது சரி என்று இப்போது நினைக்கிறேன். அப்போது சண்டை போட்டேன்.

இந்த வருஷ ஆயுத பூசைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நவீன்தான் மறுநாள் வந்து பொரி கொடுத்துவிட்டுச் சொன்னான். வேறு யாரோ கன்று கட்டினார்களாம். மத்தியானம் முருகையன் வண்டியை எடுக்கச் சொன்னானாம். நவீன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துக் கன்று இரண்டையும் இறக்கி ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டுத்தான் ஏறினானாம். பெல்ட்டையும் முன்னால் மாட்டினானாம். "யாராவது எதனா சொன்னாங்களா?" என்று கேட்டேன். "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல தாத்தா" என்றான்.

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை மாப்பிள்ளை. அவ்வளவு லேசாக இருந்திருக்கிறது. அவன் போன பிறகு பொரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அடுத்த வாய்தாவில் நான் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லும்போது நீ எதிரில் நிற்பாய். அன்றைக்கும் சுவரைப் பார்க்க முடியாது. அதற்கு முன் ஒரு முறை வீட்டுக்கு வந்துவிடு. எல்லார் முன்னாலும் முதல் தடவையாகப் பார்க்க வேண்டாம். இது எனக்காக இல்லை. எனக்கு என் காலைப் பார்த்துப் பழகிவிட்டது.

வீராசாமி

*

அவலூர்பேட்டை
27.10.2025

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். கலைச்செல்வியும் அனுவும் வருகிறார்கள். அனு தானாகக் கேட்டது.

நீங்கள் எழுந்து வர வேண்டாம். எங்கே உட்கார்ந்திருப்பீர்களோ அங்கேயே உட்கார்ந்திருங்கள். காலின் மேல் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசிக்கொண்டிருப்போம். உட்கார்ந்திருந்தால் என்னால் முடியும் என்று நினைக்கிறேன். நீங்கள் நடந்து வருவதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

அத்தையிடம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தேவேந்திரன்

*

தொண்டூர்
30.10.2025

மாப்பிள்ளைக்கு,

இது ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று நவீனிடமே கொடுத்தனுப்புகிறேன். அவசரமாக எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

அத்தை கோழி அடிக்கிறேன் என்றாள். நீ அத்தனை நாள் கோழிகளுக்கு நடுவில் இருந்துவிட்டு வருகிறாய், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கத்தரிக்காய்க் குழம்பு.

துண்டு போட மாட்டேன். உட்கார்ந்திருக்கவும் மாட்டேன். நீ பஸ் ஸ்டாப்பில் இறங்கி அங்கேயே நில். வீட்டிலிருந்து அதுவரைக்கும் நேரான பாதை, நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. நான் கிளம்பி உன்னிடம் நடந்து வருவேன். மெதுவாகத்தான் வருவேன், நேரமாகும். அவ்வளவு நேரமும் நீ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

முடியவில்லை என்றால் அனுவின் கையைப் பிடித்துக்கொள். இடது கையால் பிடி. அந்தக் கைக்குத்தான் தெரியும்.

வீராசாமி